மோட்டார் இன்ஷூரன்ஸில் மெய்யும் மறைவும்

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியை நோக்கி வரும் சாலைகளைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகக் காவடி சுமந்து நடந்து வரும் பக்தர்கள் சாலையோரத்தில் சாரிசாரியாகச் செல்கிறார்கள். அதே சாலையில், அவர்கள் தோளுக்கு ஒரு முழ தூரத்தில், கார்களும் வான்களும் லாரிகளும் இரவு பகலாகப் பறக்கின்றன. வண்டியில் வருகிறவனும் முருகன் அடியான். நடந்து வருகிறவனும் முருகன் அடியான். ஆனால் விபத்து என்று ஒன்று நேர்ந்தால் நடந்து வருகிறவனுக்கு ஆண்டவனைத் தவிர வேறு காப்பு என்ன இருக்கிறது? வண்டிக்காரன் எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸ் பாலிஸி ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பாலிஸி உறுதியான காகிதமா, வெறும் காகிதமா என்பதைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

சாலையில் ஓடும் வண்டிகளில் எத்தனை, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ரூபத்திலேயே இன்றும் இருக்கின்றன? பெட்ரோல் காருக்குக் காஸ் கிட் பூட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வானில் பலகை ஆசனம் போட்டுப் பன்னிரண்டு பேருக்கு இடம் செய்திருக்கிறார்கள். முன்புறம் இரும்புக் குழாய்களால் காவல் கட்டியிருக்கிறார்கள். எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் விளக்கு, செவியைப் பிளக்கும் ஏர் ஹாரன், கூரைமேல் கேரியர், சக்கரத்தில் அகல டயர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இரண்டு நடையில் ஏற்ற வேண்டிய காய்கறியை ஒரு நடையில் ஏற்றுவதற்காகச் சரக்கு வண்டியின் பெட்டியை உயர்த்தியிருக்கிறார்கள். இவற்றைச் செய்தவர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பெட்ரோல் விலையைச் சமாளிக்கச் செய்தவர்கள் உண்டு. பிழைப்புக்காகச் செய்தவர்கள் உண்டு. அழகுக்காகச் செய்தவர்களும் உண்டு. ஆனால் இந்த மாறுதல்களை, வண்டியின் பாரத்தை ஏற்றுக்கொண்டிருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விரல்களை மடக்கி எண்ணிவிடலாம் என்றே அஞ்சுகிறோம்.

நமது அபிப்பிராயம் இதுதான்: வண்டியை மாற்றியவன் அதைச் சொல்லியே தீர வேண்டும், கம்பெனியும் அதை அவனுக்குப் புரியும் பாஷையில் கேட்டே தீர வேண்டும். இவ்விரண்டு கடமைகளில் ஒன்று தவறினாலும் நஷ்டப்படுகிறவன் ஏழை.

ஒருவன் தன் சொத்துக்குக் காப்பு எடுப்பதும் எடுக்காததும் அவன் இஷ்டம். சாலையில் போகும் மூன்றாம் மனிதனுக்கு நேரும் தீங்குக்குக் காப்பு எடுப்பது அப்படி இஷ்டத்தைப் பொறுத்ததன்று. 1939-ஆம் வருஷத்து மோட்டார் சட்டத்தில் இதற்கென ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 1946-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. இன்று 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு அதே கட்டாயத்தை விதிக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் அபராதம் 4,000 ரூபாய். கோயமுத்தூர் எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2018-ஆம் வருஷம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி அவ்வருஷம் செப்டம்பர் முதல் புதுக் கார் வாங்குகிறவர் மூன்று வருஷத்துக்கும், புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் ஐந்து வருஷத்துக்கும் மூன்றாம் மனிதனுக்கான காப்பைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. சட்டமும் கோர்ட்டும் இவ்வளவு அக்கறை காட்டுவது யாருக்காக? வண்டி இல்லாதவனுக்காக.

இனி, வண்டியை மாற்றுவது பற்றிய சட்டத்தைப் பார்ப்போம். அதே 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி எந்தச் சொந்தக்காரரும் வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லுகிறது. காஸ், பாட்டரி முதலிய வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கும், அங்கஹீனர் ஓட்டுவதற்கு ஏற்றபடி வண்டியை அமைத்துக் கொள்வதற்கும் அதிலேயே வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழி ஆர்.டி.ஓ. ஆபீஸின் வாசல் வழியாகச் செல்கிறது. 2019-ஆம் வருஷம் ஜனவரி 9-ஆம் தேதி, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை ஐயத்துக்கு இடமின்றி ஊர்ஜிதம் செய்தது. கேரள ஐகோர்ட்டின் தீர்ப்பை மாற்றி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாகாண விதிகளைக் காட்டி மாற்ற இயலாது என்று தீர்ப்பளித்தது. அவ்வருஷமே வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. ஒரே வண்டியில் நான்கு மாறுதல் இருந்தால் கணக்கு என்ன ஆகும் என்பதை வாசகர்களே போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

இங்கே ஜனங்களிடம் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் சர்க்காருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று வேறு சிலர் எண்ணுகிறார்கள். இரண்டும் பிசகு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒரு வாசல். இன்ஷூரன்ஸ் கம்பெனி மற்றொரு வாசல். ஒன்றில் சொன்னது மற்றொன்றின் காதில் விழாது. இரண்டு வாசலிலும் சொல்ல வேண்டும். இரண்டிலும் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னதற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் பாலிஸியைப் புதுப்பிப்பது பழைய காகிதத்துக்குத் தேதி மாற்றுவதன்று. சட்டத்தின் கண்ணில் அது புது ஒப்பந்தம். ஆகவே சென்ற வருஷம் சொல்ல மறந்ததை இந்த வருஷமாவது சொல்ல வேண்டும். வருஷத்தின் நடுவே மாற்றினால் உடனே தெரிவித்துப் பாலிஸியில் குறிப்பு எழுதி வாங்க வேண்டும்.

மறைப்பதால் மிச்சமாகும் தொகைதான் எவ்வளவு? 2002-ஆம் வருஷத்து அகில இந்திய மோட்டார் கட்டணத் திட்டத்தில், காஸ் கிட்டுக்கு அதன் மதிப்பில் நூற்றுக்கு 4 ரூபாய் அதிகப் பிரீமியம் என்று இருந்தது. தயாரிப்பாளர் விலையில் சேராத மின்சாரச் சாமான்களுக்கும் அதே விகிதந்தான். 2007-ஆம் வருஷ ஆரம்பம் முதல், சொந்த வண்டியின் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகள் தாமே நிர்ணயிக்கின்றன. எனினும் அளவை அறிய அந்தப் பழைய விகிதம் உதவும். 30,000 ரூபாய் பெறுமான கிட் என்றால் வருஷத்துக்கு 1,200 ரூபாய். அதாவது மாதம் நூறு ரூபாய். இந்த நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக லக்ஷக்கணக்கான ரூபாய்க் காப்பைப் பணயம் வைப்பதை என்னவென்று சொல்வது?

சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு கக்ஷிக்காரரை நினைத்துக் கொள்கிறோம். பழனிக்கு அருகே ஒரு கிராமத்தில் சிறு விவசாயி. கடன் வாங்கிக் கார் வாங்கினார். பட்டறை ஒன்றில் காஸ் கிட் பூட்டினார். கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு வளைவில் கார் கவிழ்ந்தது; உயிர்கள் தப்பின; வண்டி உருத்தெரியாமல் போயிற்று. கம்பெனியின் சர்வேயர் வந்து பின்பக்கத்தைத் திறந்தார், தொட்டி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றே இருந்தது. விண்ணப்பத்தில் காஸ் கிட் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று இருந்தது; கீழே அவர் கையெழுத்து இருந்தது. கம்பெனி கையை விரித்தது. அந்த மனிதர் நம் எதிரே உட்கார்ந்து சொன்னார்: "ஐயா, கையெழுத்து என்னுடையது, பதில் என்னுடையதல்ல. ஏஜெண்டு இங்கிலீஷ் பாரத்தை நீட்டி, இந்த இடத்தில் போடுங்கள் என்றார், போட்டேன்." அவருக்குக் கடைசியில் கிடைத்தது சொற்பம், அதற்கும் மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை இல்லாத காருக்கு அவர் கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய நஷ்டம் அவரோடு நின்றது. சாலையில் நடந்து வந்த ஒருவர் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாம் மனிதனுக்கு நஷ்டஈடு கொடுக்க மறுப்பதற்குக் கம்பெனிக்குச் சட்டம் விட்டிருக்கும் காரணங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று, முக்கியமான விஷயத்தை மறைத்தோ பொய் சொல்லியோ பாலிஸி பெறப்பட்டது என்பது. முன்பு 149-ஆவது பிரிவாயிருந்து, 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் 150-ஆவது பிரிவான பகுதியில் இது இருக்கிறது. கோர்ட்டுகள் அடிபட்டவனை அந்தரத்தில் விட மனமில்லாமல், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. லைசென்ஸ் சம்பந்தமான வழக்கில் 2004-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட் இந்த வழியை விரிவாக எடுத்துரைத்தது. அப்படிச் சொன்னால் அடிபட்ட குடும்பம் பிழைக்கும். ஆனால் வண்டிக்காரனின் வீடும் நிலமும் ஏலத்துக்கு வரும். அப்படிச் சொல்லாவிட்டாலோ, அடிபட்ட குடும்பம், கொடுக்க வழியில்லாத ஒருவனின் பின்னே தீர்ப்பு நகலைத் தூக்கிக்கொண்டு அலையும். மறைவினால் இரண்டு குடும்பங்களில் ஒன்று கெடுவது நிச்சயம்.

"கம்பெனிதானே, அவர்களிடம் பணம் கொழிக்கிறது" என்று சிலர் சமாதானம் சொல்லிக் கொள்கிறார்கள். இது நமக்கு ஒப்பவில்லை. இன்ஷூரன்ஸ் என்பது பொது உண்டியல். ஆயிரம் பேர் போட்டதிலிருந்து ஆபத்து வந்த ஒருவனுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். தன் வண்டியின் ஆபத்தை மறைத்துக் குறைத்துப் போடுகிறவன், அடுத்தவன் போட்ட காசிலிருந்து எடுக்கிறான். 1906-ஆம் வருஷத்தை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வருஷம் அது. அதே வருஷத்தில், அதே சுதேசி ஆவேசத்தில், சென்னையில் யுனைடெட் இந்தியாவும் கல்கத்தாவில் நேஷனலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளாகத் தோன்றின. நம் ஜனங்களின் சிறு சேமிப்பு நம் ஜனங்களின் ஆபத்துக்கே உதவ வேண்டும் என்பது அன்றைய நோக்கம். 1973-ஆம் வருஷம் பொது இன்ஷூரன்ஸ் தேசவுடைமையானதும், 1999-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின் தனியார் மறுபடி நுழைந்ததும் பின்வந்த சரித்திரம். கம்பெனி யாருடையதாயினும் உண்டியல் ஜனங்களுடையது. கோயில் உண்டியலில் கை வைக்கக் கூசுகிறவன் இந்த உண்டியலிலும் கூச வேண்டும்.

இவ்வளவும் வண்டிக்காரனுக்கு. இனிக் கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நடுநிலை தவறியவர்களாவோம்.

இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தில் மறைவு கூடாது என்ற விதிக்கு மூலமாக வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டுவது 1766-ஆம் வருஷம் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு பிரபு அளித்த தீர்ப்பு. வழக்கு எழுந்த இடம் நம் கீழ்த்திசையே. சுமத்ரா தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டையை அந்நியச் சத்துரு பிடித்தால் நஷ்டஈடு என்று அதன் கவர்னருக்காக லண்டனில் பாலிஸி எடுக்கப்பட்டது. 1760-ஆம் வருஷம் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை எங்களிடம் சொல்லவில்லை என்று பாலிஸி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். மான்ஸ்பீல்டு, தனக்கு மட்டும் தெரிந்த முக்கிய விஷயத்தை எவனும் மறைக்கக் கூடாது என்ற பொது விதியைச் சொன்னார். ஆயினும் வழக்கில் வென்றவர் பாலிஸி எடுத்தவரே. கோட்டையின் நிலையை விசாரித்து அறிந்திருக்கக் கூடியவர், கேளாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்தபின் சொல்லவில்லை என்று புகார் செய்வது நியாயமன்று என்பதே அதன் சாரம். மெய் சொல்லும் கடமை இரண்டு பக்கமும் உண்டு என்று அந்தத் தீர்ப்பே சொல்லியிருக்க, நம் தேசத்துக் கம்பெனிகள் அதன் முற்பாதியை மாத்திரம் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன.

விதியைத் தந்த பிரிட்டனே அதை இப்போது மாற்றிவிட்டது. 2012-ஆம் வருஷம் அங்கே ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷம் அமலாயிற்று. சாதாரணக் குடிமகன் தானாக எல்லாவற்றையும் ஊகித்துச் சொல்ல வேண்டிய பழைய கடமையை அது எடுத்துவிட்டது. கம்பெனி தெளிவாகக் கேட்க வேண்டும், கேட்டதற்கு அவன் ஜாக்கிரதையாக மெய் சொல்ல வேண்டும், அவ்வளவே. வெள்ளைக்காரன் தன் ஊரில் கழற்றி எறிந்த சட்டையை நாம் இன்னும் போட்டுக்கொண்டு திரிய வேண்டுமா?

நம் நாட்டு விதிகளிலும் நல்ல அம்சங்கள் இல்லாமல் இல்லை. 2002-ஆம் வருஷம் இன்ஷூரன்ஸ் அதிகார சபை வகுத்த விதிகள், பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் நகலை முப்பது நாளில் இலவசமாகக் கொடுக்கச் சொல்லின. எழுத்து விண்ணப்பம் இல்லாமல் வாய்மொழியாகக் கேட்டிருந்தால், குறித்து வைக்காத விஷயத்தை மறைத்தான் என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனியுடையது என்றும் கூறின. ஆனால் பாஷை விஷயத்தில் அவ்விதிகள் சொன்னது என்ன? அரசியலமைப்பு ஏற்ற பாஷைகளில் பாரங்களைச் சந்தர்ப்பத்துக்கேற்பக் கொடுக்கலாம் என்றன. கொடுக்கலாமாம்! இந்த "லாம்" என்ற இரண்டெழுத்தில் நம் கக்ஷிக்காரரைப் போன்ற எத்தனை பேருடைய சொத்து மூழ்கியிருக்கிறது? தமிழ்நாட்டில் பிரீமியம் தமிழனிடம் வாங்கலாம். விளம்பரம் தமிழில் செய்யலாம். கேள்வி மட்டும் இங்கிலீஷில் கேட்பதா?

கோர்ட்டுகள் சில சமயம் நடுவழி கண்டிருக்கின்றன. சொந்த உபயோகத்துக்கென்று இன்ஷூர் செய்த காரை வாடகைக்கு விட்டபோது திருட்டுப் போன வழக்கில், 2008-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட், அந்த நிபந்தனை மீறலுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டு, நூற்றுக்கு 75 வீதம் கொடுக்கும் தீர்ப்பை நிலைநிறுத்தியது. பழனியில் தேர்த் திருவிழா சமயத்தில் ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். கால் பங்கு போயிற்று. சுப்ரீம் கோர்ட் வரை நடந்த செலவும் போயிற்று. நஷ்டத்துக்கும் மாறுதலுக்கும் நேர்த் தொடர்பு இருந்தால் அந்த முக்கால் பங்கும் நிச்சயமில்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை. மோட்டார் இன்ஷூரன்ஸ் விண்ணப்பம் தமிழ்நாட்டில் தமிழில் இருக்க வேண்டும். கேட்டவனுக்குத் தயவாகக் கொடுப்பதாக இல்லாமல், எல்லாருக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும். "வேறு மாறுதல்கள் உண்டா?" என்ற மொட்டைக் கேள்வி போதாது, காஸ் கிட், ஆசனம், பெட்டி, விளக்கு, டயர், வாடகை உபயோகம் என்று தனித்தனியே கேட்க வேண்டும். ஏஜெண்டு பூர்த்தி செய்தால் படித்துக் காட்டினேன் என்று அவரும் கையெழுத்திட வேண்டும். பட்டறைக்காரர்கள், பூட்டிய சாமானுக்கு ரசீது கொடுப்பதுடன், இதை ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கம்பெனியிலும் தெரிவிக்க வேண்டும் என்று அதே ரசீதில் அச்சிட்டுத் தர வேண்டும். அனுமதிக்கப்படாத வேலையை மறுக்கும் துணிவும் அவர்களுக்கு வேண்டும். கம்பெனி அநியாயமாக மறுத்தால், முதலில் அக்கம்பெனிக்கே எழுத்தில் புகார் செய்து, பயனில்லையேல் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். திண்டுக்கல்லில் ஜில்லா நுகர்வோர் கமிஷனும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் சர்க்காரும் கம்பெனிகளும் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நமது ஊர் ஊழியர்கள் ஒரு காரியம் செய்யலாம். மலையடிவாரத்தில் பாத விநாயகர் கோயில் பக்கம் புது வண்டிக்குப் பூஜை போட்டுச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களிடம், வாகன ஸ்டாண்டுகளில் நிற்கும் டிரைவர்களிடம், பட்டறை வாசலில் காத்திருப்பவர்களிடம் போய், "உங்கள் பாலிஸியை எடுங்கள், ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள், வண்டியோடு இரண்டையும் ஒத்துப் பார்ப்போம்" என்று சொல்லலாம். இங்கிலீஷ் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டலாம். கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு விவசாயியின் நிலமும், சாலையோரம் காவடியோடு நடந்து வரும் முகந்தெரியாத ஒருவருடைய குடும்பமும் காப்பாற்றப்படலாம். அடுத்த தைப்பூசத்துக்கு முன் இந்த வேலை பழனியிலிருந்தே தொடங்கட்டும்.